கனியைப் பாருங்கள்: கணினியில் வரையும் நம் பிள்ளைகளுக்காக





மதரஸா வகுப்பு முடிந்தபின் தனியே வந்து பெற்றோர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று அண்மைக் காலமாக அடிக்கடி என் காதில் விழுகிறது. "ஹஜ்ரத், பையன் எந்நேரமும் கணினியில் படம் செய்துகொண்டிருக்கிறான். இது மார்க்கத்தில் கூடுமா?" என்ன படம் என்று திருப்பிக் கேட்டால், "ஏதோ கிராஃபிக்ஸ்" என்பதற்கு மேல் பலரிடமும் பதில் இருப்பதில்லை. "கூடாது" என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவோம் என்ற எதிர்பார்ப்புடனேயே சிலர் வருகிறார்கள்.

அப்படி முடித்துவிட்டால் நடப்பது என்ன? பிள்ளை வரைவதை நிறுத்துவதில்லை. வாப்பா உறங்கியபின் வரைகிறான். தன் கைக்கு அல்லாஹ் அளித்த திறமை ஒரு பக்கம், தன் மார்க்கம் மறுபக்கம் என்று அவன் உள்ளத்தில் ஒரு பிளவு விழுந்துவிடுகிறது. அந்தப் பிளவுதான் நாம் அஞ்ச வேண்டியது. எது விலக்கப்பட்டது என்று சொல்லும் கடமை நமக்கு உண்டு. அதே அளவுக்கு, எது விரிந்து கிடக்கிறது என்று காட்டும் கடமையும் நமக்கு உண்டு.

அவ்வாறு விரிந்து கிடக்கும் ஒரு துறையைப் பற்றியே இக்கட்டுரை. பழம், பாத்திரம், துணி, விளக்கு போன்ற உயிரற்ற பொருள்களை ஒரு மேசைமீது அமைத்து, பழைய ஓவியர்கள் தீட்டியதைப் போன்ற காட்சியாகக் கணினியில் உருவாக்கும் கலை அது. ஓவிய உலகம் இதனை 'ஸ்டில் லைஃப்' என்கிறது. நாம் அசையாப் பொருள் ஓவியம் எனலாம். ஆகுமான பொழுதுபோக்கு என்ற அளவோடு இது நின்றுவிடுவதில்லை. முறையாகப் பழகினால், ஒரு முஃமினின் பார்வையைக் கூர்மையாக்கும் பயிற்சியாகவே இது அமையக்கூடும் என்பது என் கருத்து.

மார்க்கம் வைத்த எல்லை

உருவங்களைப் படைப்போருக்கு நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கை நாம் அனைவரும் அறிந்ததே. அந்த எச்சரிக்கையோடு சேர்ந்தே ஒரு வாசலும் திறக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. படம் வரைந்தே பிழைப்பு நடத்திய ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. எச்சரிக்கையைக் கேட்டு அம்மனிதரின் முகம் வெளிறிப்போனது. அவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடவில்லை இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள். வரைந்தே ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரில்லாதவற்றையும் வரைந்துகொள்ளுமாறு வழிகாட்டினார்கள். ஒருவருடைய கைத்தொழிலைப் பறிக்காமல் அதன் திசையை மாற்றிக் கொடுத்த அந்தக் கனிவை, பிள்ளைகளிடம் பேசும்போது நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் முன்னோர் அந்த வாசலின் வழியே வெகுதூரம் சென்றிருக்கிறார்கள். உமய்யா கலீஃபா வலீத் அவர்களின் ஆட்சியில், 706 முதல் 715 வரையிலான காலத்தில் எழுந்த டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் சுவர்களில், சிறு கண்ணாடிக் கற்களைப் பதித்துச் செய்த காட்சிகள் இன்றும் எஞ்சியுள்ளன. ஓங்கி நிற்கும் மரங்கள், ஓடும் ஆறு, மாளிகைகள். ஒரு மனிதரோ விலங்கோ அவற்றில் இல்லை. உயிரினம் இல்லாவிட்டால் படமே இல்லை என்போருக்கு அச்சுவர்கள் போதுமான பதில்.

புகைப்படத்திலும் திரையிலும் தோன்றும் உயிரினங்கள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த விவாதத்துக்குள் இங்கு நான் செல்லவில்லை. ஒரு கெண்டியும் மூன்று பேரீச்சம்பழங்களும் அந்த விவாதத்துக்கு வெளியே நிற்கின்றன.

பொருள்கள் சொல்லும் பாடம்

இக்கலை தனித்துறையாகச் செழித்தது 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில். ஹார்லெம் நகரில் பணியாற்றிய பீட்டர் கிளாஸ், வில்லம் ஹேடா ஆகியோர் ரொட்டித் துண்டு, பாதி தோலுரித்த எலுமிச்சை, கவிழ்ந்த குவளை என்று உணவு மேசையின் எச்சங்களைப் பழுப்பும் சாம்பலுமான சில நிறங்களுக்குள்ளேயே தீட்டினார்கள். அணைந்த விளக்கையும் கடிகாரத்தையும் வைத்து, உலக இன்பம் நிலைக்காது என்று உணர்த்தும் ஓவியங்கள் தனி வகையாகவே வளர்ந்தன. அவர்களின் சமயம் வேறு. எனினும், மழையால் செழித்த பயிர் மஞ்சளித்துச் சருகாவதை இவ்வுலக வாழ்வுக்கு உவமையாக்கும் அல்ஹதீத் அத்தியாயத்தின் 20ஆவது வசனத்தை ஓதிப் பழகிய நமக்கு, அந்தச் செய்தி அந்நியமானதன்று.

அதே நாட்டில், அதே நூற்றாண்டில், வில்லம் கால்ஃப் என்பவர் வெள்ளிப் பாத்திரங்களையும் சீனப் பீங்கான்களையும் விலையுயர்ந்த கம்பளங்களையும் குவித்து வரைந்தார். அவற்றில் ஒளி அழகு. ஆயினும் செல்வத்தைக் காட்டும் நோக்கமும் தெரிகிறது. எனக்கு நெருக்கமானவர் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஷார்டன். நீர் நிறைந்த ஒரு கண்ணாடிக் குவளை, இருண்ட நிறக் காபிக் குடுவை, சில பூண்டுகள். அவருடைய புகழ்பெற்ற ஓவியம் ஒன்றில் இருப்பவை ஏறக்குறைய இவ்வளவே. நம் அடுக்களையில் எந்நாளும் கிடக்கும் பொருள்கள்தாம். அவற்றை ஒருவர் பொறுமையாகப் பார்த்தார் என்பதே அந்த ஓவியத்தின் சிறப்பு.

கணினி எவ்வாறு வரைகிறது?

பெற்றோர் பலர், பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். சொற்களைத் தட்டச்சு செய்தால் படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டதால் அந்த எண்ணம் இன்னும் வலுத்துள்ளது. இங்கு நான் சொல்வது அந்த வழியன்று.

முதலில் பொருளை வடிக்க வேண்டும். ஒரு கெண்டியைச் செய்ய, அதன் பக்கவாட்டு வளைவை மட்டும் கோடாக வரைந்து, அதை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் முழு உருவம் எழுகிறது. குயவரின் சக்கரம் செய்வதும் இதையே. மூக்கையும் கைப்பிடியையும் தனியே செய்து பொருத்த வேண்டும். இத்துறையின் மிகப் புகழ்பெற்ற சோதனைப் பொருளே ஒரு தேநீர்க் கெண்டிதான். 1975இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்ற ஆய்வாளர் தம் வீட்டுக் கெண்டியைக் கணினிக்குள் கொண்டுவந்தார். அந்த அசல் கெண்டி இன்று கலிஃபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்து மேற்பரப்பு. பித்தளை எப்படி மின்னும், மண் எப்படி மங்கும், கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று ஒவ்வொன்றையும் சொல்லித்தர வேண்டும். கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, நீருக்கு 1.33. இந்த எண்களை மாற்றிக் கொடுத்தால் குவளை நீர் ஏதோ ஒரு வகையில் பொய்யாகத் தெரியும். திராட்சை, மெழுகு, பால் ஆகியவற்றில் ஒளி மேலோடு நின்றுவிடாமல் உள்ளே புகுந்து சிதறி வெளிவருகிறது. அதைக் கணக்கிடாவிட்டால் திராட்சை, சாயம் பூசிய கோலிக்குண்டு போலாகிவிடும்.

பிறகு விளக்கு, கேமரா. அனைத்தையும் அமைத்தபின், ஒளி எங்கெங்கு பட்டுத் தெறிக்கிறது என்று கணினி கணக்கிட்டுப் படமாகத் தருகிறது. இந்த இறுதிப் பணிக்குத்தான் ரெண்டரிங் என்று பெயர். அது சில நிமிடங்களும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். பாங்கு சொல்லிவிட்டால் அதை ஓடவிட்டுவிட்டுப் பள்ளிக்குச் செல்வதில் எந்த நஷ்டமும் இல்லை என்பதை என் மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு.

குறையைத் தேடிக் கற்றல்

இக்கலையில் நான் கண்ட மிகப் பெரிய பாடம் இதுதான். கணினி குறையற்ற பொருளைச் சிரமமின்றித் தந்துவிடுகிறது. முழு வட்டம், நேர்க்கோடு, கறையில்லாப் பளபளப்பு. அதனாலேயே தொடக்கநிலை மாணவர்களின் படங்கள் பிளாஸ்டிக் பொம்மைகளாகத் தோன்றுகின்றன. உண்மை உலகில் கத்தி போன்ற விளிம்பு எந்த மேசைக்கும் இல்லை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு விளிம்பும் சற்றே மழுங்கியிருக்கும். அந்த மழுங்கலில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று ஓடும். கெண்டியின் கைப்பிடியில் விரல்கள் தேய்த்த இடம் மின்னும். மூக்கு இணையும் இடத்தில் களிம்பு தங்கியிருக்கும். எலுமிச்சையின் ஒரு பக்கம் சற்றுப் பெருத்திருக்கும்.

மிலான் நகரின் அம்புரோசியானா காட்சியகத்தில் கரவாஜியோ தீட்டிய பழக்கூடை ஓவியம் ஒன்றுண்டு. அதிலுள்ள ஆப்பிளில் புழுத்துளை இருக்கிறது, இலைகள் வாடியிருக்கின்றன. நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே, அழகாக்கிக் காட்டுவதைவிட உள்ளதைக் காட்டுவதே உயர்ந்தது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

கணினியில் இக்குறைகளை எங்கிருந்து கொண்டுவருவது? கற்பனையிலிருந்து முடியாது. எழுந்து சென்று அடுக்களையில் பார்க்க வேண்டும். பாட்டியின் ஈயம் பூசிய சட்டியைக் கையிலெடுத்துச் சாளரத்தருகே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். திரைக்கு முன் கட்டுண்டு கிடக்கும் பிள்ளையைத் திரையே எழுப்பி, உண்மைப் பொருளிடம் அனுப்புகிறது. மற்ற எந்தக் கணினி விளையாட்டும் இதைச் செய்ததாக நான் அறியேன்.

பார்ப்பது நமக்கு இடப்பட்ட கட்டளையும் ஆகும். அல்அன்ஆம் அத்தியாயத்தின் 99ஆவது வசனத்தில், மழையையும் விளைச்சலையும் பேரீச்சையையும் திராட்சையையும் ஒலிவத்தையும் மாதுளையையும் சொல்லி வரும் அல்லாஹ், அவை காய்க்கும்போதும் கனியும்போதும் அக்கனியைப் பார்க்குமாறு பணிக்கிறான். உண்ணுவதற்கு முன் பாருங்கள் என்ற அந்தப் பணிப்பை எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! ஒரு மாதுளையை எத்தனை முறை உண்மையில் பார்த்திருக்கிறோம்?

"இது படைப்பைப் போலச் செய்வதாகாதா?" என்று அஞ்சுவோர் உண்டு. அனுபவம் நேர்மாறானது. ஓர் ஆரஞ்சுப் பழத்தின் தோலை ஒரு வாரம் முயன்று பாதி உண்மையாக்கியவன், படைப்பாளனோடு போட்டியிடும் நினைப்பை விட்டுவிடுகிறான். கடைத்தெருவில் கூடை கூடையாகக் குவிந்து கிடக்கும் பழங்களில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்பதைக் காணும்போது, அவன் வாயிலிருந்து 'ஸுப்ஹானல்லாஹ்' தானாக வருகிறது.

ஒளியும் நிழலும்

ஒளியைப் பற்றி எழுதும்போது நம் உம்மத்தின் ஒரு பெரியாரைக் கடந்து செல்ல இயலாது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் காண்கிறோம் என்று யூக்ளிட், தாலமி போன்றோர் கருதிவந்தனர். அதனை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணை வந்தடைவதாலேயே காட்சி உண்டாகிறது என்று அவர் நிறுவினார்.

இன்றைய ரெண்டரிங் மென்பொருள்கள் பெரும்பாலும் கேமராவிலிருந்தே கதிரை எய்து, அது எந்தப் பொருளில் பட்டு எந்த விளக்கைச் சென்றடைகிறது என்று பின்னோக்கித் தேடுகின்றன. அவர் மறுத்த பழைய கொள்கையைப் போலத் தோன்றினாலும் இது வசதிக்காகச் செய்த ஏற்பாடே. விளக்கிலிருந்து கிளம்பும் கதிர்களில் மிகச் சிலவே கேமராவை வந்தடைகின்றன. எல்லாவற்றையும் தொடர்ந்தால் கணக்கு முடிவதில்லை. ஒளி போகும் பாதை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றே என்பதால் விடை மாறுவதில்லை. இதற்கான கணிதச் சமன்பாட்டை 1986இல் ஜேம்ஸ் கஜியா வெளியிட்டார். நம் பிள்ளைகள் இதைக் கற்கும்போது, அந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் ஒரு முஸ்லிம் அறிஞர் நிற்பதையும் அறிந்து கற்கட்டும்.

காட்சியை ஓவியமாக்குவது பெரும்பாலும் இந்த ஒளியே. புதிதாகக் கற்போர் எல்லாப் பக்கமும் விளக்கு வைத்து எல்லாவற்றையும் வெளிச்சமாக்கிவிடுவர்; படம் கடை விளம்பரம் போலாகிவிடும். பழைய ஓவியர்களின் அறையில் ஒரே சாளரம். பக்கவாட்டில் ஒரு பெரிய மென்மையான ஒளி, பின்னால் இருண்ட சுவர், அவ்வளவே. பொருளின் ஒரு பக்கம் விளங்கும். மறுபக்கம் இருளில் கரையும். எதைக் காட்டுவது, எதை நிழலில் விடுவது என்று தேர்வு செய்வதில்தான் ஓவியம் பிறக்கிறது. நிழல் நீள்வதும் சுருங்குவதும்கூட அல்ஃபுர்கான் அத்தியாயத்தில் இறைவனின் அத்தாட்சியாகவே சொல்லப்படுகிறது.

தூரிகைத் தடம் போலக் காட்டும் வடிகட்டிகளும் மென்பொருளில் உண்டு. அவற்றைத் தடவினால் எந்தப் படமும் ஓவியம் போலாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். பார்வையில்லாத படத்துக்குத் தூரிகைத் தடம் பூசுவது, தஜ்வீத் அறியாமல் ராகம் மட்டும் இழுத்து ஓதுவதைப் போன்றது.

அமானிதம் பேண வேண்டிய இடங்கள்

இத்துறையில் மூன்று ஆபத்துகளை நான் காண்கிறேன். உருவப்படம் பற்றிக் கேட்கும் பெற்றோர் இவற்றைப் பற்றி என்னிடம் கேட்பதேயில்லை.

ஒன்று, திருட்டு மென்பொருள். விலைகொடுத்து வாங்க வேண்டியதைப் பூட்டுடைத்த பிரதியாகப் பயன்படுத்துவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. ஆகுமான படத்தை ஆகாத கருவியால் செய்வதில் என்ன பரக்கத் இருக்கும்? இத்துறையில் அதற்கான தேவையும் இல்லை. பிளெண்டர் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரோசன்டால் உருவாக்கிய அது, நிறுவனம் மூடப்பட்டபோது முடங்கியது. 2002இல் பொதுமக்களிடம் திரட்டிய 1,00,000 யூரோவைக் கொடுத்து உரிமையை மீட்டு, அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். அத்தொகை ஏழு வாரங்களில் சேர்ந்துவிட்டது. பலர் சேர்ந்து பொதுநலனுக்காக ஒன்றை வாங்கி விடுவித்த அந்தச் செயல், வக்ஃபின் பயனை அறிந்த நமக்கு எளிதில் விளங்கும்.

இரண்டு, பிறர் உழைப்பைத் தனதாகக் காட்டுவது. ஆயத்தமான பொருள் மாதிரிகள் இணையத்தில் ஏராளம். எவ்விதக் கட்டுப்பாடுமின்றிப் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்து வெளியிடப்படுபவையும் உண்டு. நிபந்தனையுடன் வருபவையும் உண்டு. நிபந்தனையைப் படித்து நடப்பது அமானிதம். அனுமதி இருந்தாலும், "கெண்டியை நான் செய்யவில்லை, ஒளியமைப்பு என்னுடையது" என்று சொல்லப் பழகும் பிள்ளை உண்மையாளனாக வளர்வான்.

மூன்று, வியாபாரம். இக்கலை பிழைப்புக்கும் வழிதரும். ஐக்கியா நிறுவனத்தின் பொருள் படங்களில் பெரும்பகுதி கேமராவால் எடுக்கப்படாமல் கணினியில் உருவாக்கப்படுபவை என்ற செய்தி 2014இலேயே வெளிவந்தது. பாத்திரம், மரச்சாமான், அத்தர் குப்பி என எதை விற்பவருக்கும் இத்தகைய படம் தேவை. வீட்டிலிருந்தே பொருளீட்ட விரும்பும் நம் சகோதரிகளுக்கும் ஏற்ற தொழில் இது. ஆனால், தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். ஒடுங்கிய பாத்திரத்துக்கு மின்னும் படம் செய்து விற்றால், அது ஈரத்தானியத்தின் மேல் பரப்பிய உலர்ந்த தானியமே. ஒரு மேசைக்காட்சியை அழகாக அமைப்பது கலை. வாங்குபவர் கைக்கு வரும் பொருளை வேறொன்றாகக் காட்டுவது மோசடி. இந்த எல்லையைக் கற்றுக்கொடுக்க, படம் செய்யும் பிள்ளையின் அருகில் மார்க்கம் அறிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவனைத் துரத்திவிட்டால் யார் உட்காருவார்?

பெற்றோர்களே!

அடுத்த முறை பிள்ளை கணினிமுன் அமர்ந்திருக்கும்போது கதவோரம் நின்று முறைக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து, "என்னத்தா செய்றே?" என்று கேளுங்கள். உயிரினங்களைச் செய்துகொண்டிருந்தால் மார்க்கத்தின் எல்லையை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். கூடவே மாற்றையும் கையில் கொடுங்கள். வீட்டிலுள்ள சஹன் ஒன்று, அதில் சில பேரீச்சம்பழங்கள், வெள்ளைத் துணி, பக்கத்தில் ஒரு குவளை நீர். நோன்பு திறக்கும் வேளையின் அந்தக் காட்சியைச் செய்யச் சொல்லுங்கள். பேரீச்சையின் சுருக்கங்களைச் சரியாகக் கொண்டுவரவே அவனுக்கு ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் அவன் ஓர் அருட்கொடையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நேரத்துக்கு வரையறை வையுங்கள். தொழுகை, ஓதல், பள்ளிப்பாடம், உறக்கம் ஆகியவை தம் இடத்தில் இருக்கட்டும். ஆகுமானதும் அளவு மீறினால் வீண் விரயமாகிவிடும். அவன் முடித்ததும், படம் எப்படி வந்தது என்பதைவிட, என்ன பார்த்தான் என்று கேளுங்கள். நீங்கள் நாற்பது வருடம் கையாண்ட பாத்திரத்தைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஒன்றை அவன் சொல்லக்கூடும்.

எல்லாச் செயலிலும் இஹ்ஸானை, செம்மையை, அல்லாஹ் விதித்திருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். யாரும் கவனிக்காத ஒரு விளிம்பின் மழுங்கலைக்கூடச் சரியாகச் செய்ய முயலும் பிள்ளை, அந்தப் பண்பின் ஒரு துளியைத் தன் கைகளால் பழகிக்கொள்கிறான். அது தொழுகையிலும் தொழிலிலும் அவனோடு வரும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் கண்களை ஹராமை விட்டும் காத்து, தன் அத்தாட்சிகளைக் கண்டு உணரும் கண்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.